முள் குத்திய தேதி

கல்லூரியில் கொடுத்த அட்டையில் ஆறு கோடுகள் இருந்தன. சிற்றினம், குடும்பம், வரிசை, கிடைத்த இடம், கிடைத்த தேதி, சேகரித்தவர். பதினாறு கடல் முள்ளெலிகளுக்குப் பதினாறு அட்டைகள் எழுதினேன். பதினாறிலும் சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அவற்றைக் கல்லிலிருந்து பிடுங்கி வந்தவர் அப்பா. அதில் அவருடைய வலது காலில் இரண்டு விரல்கள் போயின. மீதிக் கால் தங்குமா என்பது இன்றைக்கும் தினமும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியதாக இருக்கிறது.

வீட்டில் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் அப்பா என்று வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக் கட்டுரைகளில் அப்படி எழுதிப் பழகிவிட்டது. எங்கள் வீட்டில் கட்டுரை எழுதியவன் நான் ஒருவன்தான்.

எங்கள் குப்பம் திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. முன்னே அங்கே மணல் இருந்ததாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்தான். கடல் அரிக்க அரிக்க லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். மணலில் இந்த முள்ளெலி வாழாது. கல் வந்த பிறகு வந்த உயிர் அது. கல் இடுக்கில் பதுங்கி, கரிய முள்ளை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயில் பட்டால் முள்ளில் லேசாக ஒரு பச்சை மினுக்கும். குப்பத்தில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. முள்ளு, அவ்வளவுதான். ஆழத்தில் போட்ட வலையில் ஏறி வரும் இன்னொரு வகையும் உண்டு, முள் குட்டையாக, பட்டை பட்டையான நிறத்தில். அது வேறு வரிசை, வேறு குடும்பம். குப்பத்துக்கு அதுவும் முள்ளுதான். இரண்டையும் யாரும் தின்பதில்லை, விற்பதுமில்லை. அதனால் பெயர் வைத்துப் பிரிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

எனக்கு வந்தது. முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில் ஒரு ஆய்வு செய்ய வேண்டும். கல்லில் வாழும் முள்ளெலியை எடுத்து, அது என்ன என்று படிப்படியாக நிறுவ வேண்டும் என்றார் எங்கள் துறை மேடம். விலங்கு என்று ஆரம்பித்து, முட்தோலிகள் என்ற தொகுதிக்குள் போய், அங்கிருந்து வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், கடைசியில் சிற்றினம். ஒவ்வொரு படிக்கும் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். "புக்குல இருக்குன்னு எழுதக் கூடாது. நீ பார்த்திருக்கணும். குறைஞ்சது பத்து ஸ்பெசிமன்" என்றார்.

குப்பத்துப் பையனுக்கு இதென்ன கஷ்டம் என்று வகுப்பில் எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு நீச்சலே சரியாக வராது. அப்பா என்னைக் கடலில் இறங்க விட்டதில்லை. மற்ற பையன்கள் கல்லிலிருந்து தலைகீழாகக் குதிக்கும்போது நான் வீட்டுக்குள் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்ல வேண்டும். அந்த வளர்ப்போடு போய் முதல் நாள் கல்லில் கால் வைத்ததும் பாசியில் வழுக்கி, முழங்கை சிராய்த்துக்கொண்டு, ஒரு முள்ளெலிகூட இல்லாமல் திரும்பி வந்தேன்.

"நீ சும்மா கெட" என்றார் அப்பா. "உனுக்கு எத்தினி வோணும்?"

"பத்து."

"இன்னா, பத்தா? பக்கெட்டு ரொப்பியாறேன்."

அப்பா அப்போது படகுக்குப் போவதை விட்டிருந்தார். சர்க்கரை வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. நடு இரவில் எழுந்து வலை இழுக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை. கல்லில் ஒட்டியிருக்கும் மட்டியைச் சுரண்டி எடுத்து வருவார், அம்மா அதை மீனோடு சேர்த்து மார்க்கெட்டில் விற்பாள். பாதம் மரத்துப் போயிருப்பதாக எப்போதாவது சொல்வார். மருந்துக் கடையில் சொல்லி ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கல்லில் ஏற அவர் செருப்புப் போடமாட்டார். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், வெறுங்கால்தான் பிடிக்கும். முள்ளெலி எடுக்கப் போகிறாரே என்று, "என் ஷூவைப் போட்டுக்கினு போ நைனா" என்றேன்.

"எனுக்கு எதுக்குடா ஷூ? காலே ரப்பர் மாரிதான் கீது."

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் பெயின்ட் பக்கெட்டோடு வந்தார். கூட அவருடைய தோஸ்து, அதே கல்லில் மட்டி எடுப்பவர். பக்கெட்டில் பாதிக்குக் கடல் தண்ணீர், அதற்குள் பதினாறு. முட்கள் மெதுவாக அசைந்துகொண்டிருந்தன. நான் அட்டைகளை எடுத்து வந்து அங்கேயே குந்தி எழுத ஆரம்பித்தேன். இடம், தேதி. சேகரித்தவர் என்ற இடத்தில் பேனா தயங்கியதாக எனக்கு நினைவில்லை. ஆய்வு செய்கிறவன் பெயரைத்தான் போடுவார்கள் என்று தெரியும், போட்டேன்.

வாசலில் உட்கார்ந்து அப்பா கால் கழுவியபோது அம்மாதான் பார்த்தாள். வலது பாதத்தில், கடைசி இரண்டு விரல்களுக்குக் கீழே, ஊதா நிறத்தில் ஏழெட்டுப் புள்ளிகள்.

"யோவ், முள்ளு ஏறிக் கீதுய்யா."

"எங்க?" என்று அப்பா குனிந்து பார்த்தார். "அட, ஆமா."

இதற்கு எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. முள்ளெலி முள்ளை ஊசி வைத்துத் தோண்டக் கூடாது. பாதியில் ஒடிந்து இன்னும் உள்ளே போகும். உருண்டையான கல்லால் மேலேயே தட்டி, உள்ளுக்குள் மாவாக்கிவிட வேண்டும். மாவானால் உடம்பு அதைக் கரைத்துக்கொள்ளும். எவ்வளவு தட்டுவது என்பதற்குக் குத்துப்பட்டவர்தான் அளவு. முதலில் சுருக்கென்று ஒரே இடத்தில் வலிக்கும். தட்டத் தட்ட வலி பரவி, பிறகு அடங்கும். அடங்கினால் முள் பொடிந்துவிட்டது, நிறுத்தலாம். அதனால் தட்டுகிறவர் கேட்டுக்கொண்டே தட்ட வேண்டும்.

"கல்லு எடு" என்றார் தோஸ்து. அருகில் உட்கார்ந்திருந்தவன் நான். அம்மா அம்மிக் குழவியை எடுத்துக் கொடுத்தாள். அப்பா காலை என் மடிமேல் வைத்தார்.

"இன்னா மாமு, எம்மெஸ்சி கையால அடி வாங்குற. குப்பத்துல எவனுக்குக் கெடைக்கும்?"

"படிக்க வெச்சேன்ல. வாங்கித்தான் ஆவணும்."

நான் தட்டினேன்.

"வலிக்கிதா நைனா?"

"இல்ல."

இன்னும் நாலு தட்டு.

"இப்போ?"

"இல்லடா."

"அவ்ளோதான், பொடிஞ்சிச்சி, வுடு" என்றார் தோஸ்து. "இன்னா கையிய்யா உன் புள்ளைக்கு! எனுக்கு நம்ப மச்சான் தட்டுனப்போ அரை மணி நேரம் அலறினேன்."

"நீ ஊசி போட்டாலே அலறுவ."

குழவியைக் கழுவி வைத்துவிட்டு நான் அட்டைகளுக்குத் திரும்பினேன். முள் சுண்ணாம்பால் ஆனது என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சர்க்கரை என்பது தெரியும். கால் ரப்பர் மாதிரி இருக்கிறது என்று முதல் நாள்தான் காதால் கேட்டிருந்தேன். வலிக்கவில்லை என்று அவர் சொன்னது பொய் இல்லை. தட்டுவதற்கு முன்பு வலித்ததா என்று மட்டும் நான் கேட்கவில்லை. அங்கே இருந்த நாலு பேரும் கேட்கவில்லை.

அடுத்த நாட்களில் நான் நன்றாக வேலை செய்தேன். இதை மறைக்க முடியாது. முள்ளெலிகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து முள்ளையெல்லாம் உதிர்த்தேன். உள்ளே உருண்டையாக, வெளிறிய ஓடு. அதில் வரிசை வரிசையாகக் குமிழ்கள், ஒவ்வொரு குமிழ் மேலும் ஒரு முள் உட்கார்ந்திருந்த இடம். சில குடும்பங்களில் குமிழின் உச்சியில் ஊசி முனையளவு குழி இருக்கும். இதில் இல்லை. கைக்கண்ணாடி வைத்துப் பதினாறிலும் பார்த்தேன். தாடையைப் பிரித்து ஐந்து பற்களையும் வெளியே எடுத்தேன். பல்லின் உள்பக்கம் நீளவாட்டில் ஒரு முகடு ஓடியது. இனம் காணும் பட்டியலில், அந்த முகடு இருந்தால் ஒரு பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு பக்கம். இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்லி இறங்கி இறங்கி, ஸ்டோமோப்நியூஸ்டெஸ் வேரியோலாரிஸ் என்ற பெயரில் வந்து நின்றேன். அந்தப் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஒரு சிற்றினம்தான். குடும்பத்திலும் வேறு ஆள் கிடையாது.

முள் உதிர்ந்த ஓட்டை அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். "இன்னாடா இது, அம்மை போட்ட மூஞ்சி மாரி கீது" என்றாள். வேரியோலாரிஸ் என்றால் அம்மைத் தழும்பு உடையது என்றுதான் அர்த்தம். அதை அவளிடம் சொன்னேன். "அத்தப் பாத்தாலே தெரியிதே, அதுக்கு எதுக்கு எம்மெஸ்சி" என்று ஓட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் வாக்கில் வீட்டில் வாடை வந்தது. எங்கள் வீடு ஒரே அறை, பின்னால் சமையல் தடுப்பு. செத்த முள்ளெலியின் சதை ஒரு டப்பாவில் இருந்தது. "உன் பொணத்தையெல்லாம் வெளிய வையிடா, கலீஜா கீது" என்றாள் அம்மா. டப்பா, ஓடுகள், பற்கள் எல்லாவற்றையும் எடுத்து சன்ஷேடு மேல் காய வைத்தேன். வாடை போகவில்லை. சதை வைத்திருந்த டப்பாவைக் கடலில் கொட்டினேன். தரையை பினாயில் போட்டுத் துடைத்தேன். அப்பாவும் சேர்ந்து துடைத்தார். காலில் ஒரு பழைய துணி சுற்றியிருந்தார். கேட்டதற்கு, லேசாகத் தண்ணி வடியுது, ஈ மொய்க்குது, அதான் என்றார். வலிக்கிறதா என்று மறுபடியும் கேட்டேன். இல்லை என்றார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து கூடையை இறக்கினாள். வாசலிலேயே நின்றாள். முப்பது வருஷம் மீன் விற்றவள். எந்த மீன் நேற்றையது, எந்த மீன் ஐஸில் நாலு நாள் கிடந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"இது கடல் வாடை இல்ல" என்றாள்.

அறைக்குள் வந்து மூலை மூலையாக மோந்து பார்த்தாள். அப்பா பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் ஆரம்பித்துக் கால்மாட்டுக்கு வந்தாள். துணியை அவிழ்த்தாள். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன. முள்ளின் கறுப்பு இல்லை அது. அப்பா எழுந்திருக்கவே இல்லை. அவள் விரலைப் பிடித்துப் பார்க்கும்போதுகூடத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்டோ சந்தில் நுழைந்து நுழைந்து போனது. அப்பா வெளியே எட்டிப் பார்த்து, "டேய், இன்னிக்கி லாரி ஜாஸ்திடா" என்றார். வழியில் தெரிந்த ஒருவரைப் பார்த்துக் கையாட்டினார். அம்மா அழவில்லை. மடியில் அவருடைய காலை வைத்து முந்தானையால் மூடியிருந்தாள். நான் அடுத்த நாள் மேடத்திடம் காட்ட வேண்டிய அட்டவணையை நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் நினைக்க வரவில்லை.

அங்கே இருந்த லேடி டாக்டர் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார்.

"என்ன குத்துச்சு?"

நான் முழுப் பெயரையும் சொன்னேன். பேரினம், சிற்றினம். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் நிறுத்தாமல் குடும்பம், வரிசை, வகுப்பு என்று மேலே போய்க்கொண்டே இருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கேள்விக்கு என்னிடம் இருந்த சரியான பதில் அது ஒன்றுதான். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, தாளில் 'கடல் முள்' என்று எழுதினார்.

"எப்போ குத்துச்சு?"

அப்பா, "ரெண்டு நாளு இருக்கும்மா" என்றார். அம்மா, "இல்லம்மா, ஒரு வாரம்" என்றாள். நான் போனை எடுத்தேன். அட்டைகளைப் படம் எடுத்து வைத்திருந்தேன். கிடைத்த தேதி என்ற கோட்டைப் பெரிதாக்கி அவரிடம் நீட்டினேன். அவர் தேதியைக் குறித்துக்கொண்டார். அதற்கு நேர் கீழே சேகரித்தவர் என்ற கோடு. "உங்களுக்குக் குத்தலையா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். நைனாதான் எடுத்தாரு."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். உள்ளே மூன்று முள் துண்டுகள் இருந்ததாகச் சொல்லி ஒரு பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். பொடியவே இல்லை. தட்டியதில் எலும்புப் பக்கம் இறங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது, இது பதினாறில் எதனுடையது என்பதுதான். முள் ஒடிந்த ஓடு எது என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பிறகுதான் பதினாறின் முள்ளையும் நானே உதிர்த்துவிட்டது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு அனுப்பும் முன் அந்த டாக்டர் அப்பாவின் இரண்டு பாதங்களையும் சோதித்தார். ஒரு கைப்பிடியின் முனையில் கண்ணாடி போன்ற மெல்லிய இழை நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் அளவுக்குப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தொடுவது தெரிந்தால் சொல்லச் சொன்னார். அப்பா கண்ணை மூடுவதற்கு முன் அதை உற்றுப் பார்த்தார்.

"இது தங்கூசி தானேம்மா? தூண்டிக்குக் கட்றது?"

"நைலான்தான்யா. அதே மாதிரிதான்."

"நம்ப வூட்ல கட்டு கட்டா கீது" என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடினார். இடது காலில் இரண்டு இடத்தில் தெரிந்தது. வலது காலில் எங்கேயும் தெரியவில்லை. தினமும் இரண்டு பாதத்தையும் யாராவது பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். சின்னக் கொப்புளம், வெட்டு, நிறம் மாறுவது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே வர வேண்டும். அடுத்த தடவை விரலோடு நிற்காது. கணுக்கால் வரை போகும். இதை அம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஓடுகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல்லின் முகட்டைப் பற்றிக் கேட்டார். குமிழைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சொன்னேன்.

"நல்ல ஸ்பெசிமன். ஓடு எதுவும் உடையல. எப்படி எடுத்தே? நீயே இறங்கி எடுத்தியா?"

"ஆமா சார்."

"அதான் பார்த்தேன். கடற்கரைப் பசங்களுக்குத்தான் இது வரும்."

நல்ல மதிப்பெண் வந்தது. ஓடுகள் இப்போது கல்லூரியின் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. அட்டைகளும் அப்படியே இருக்கின்றன.

அப்பா இப்போது கல்லுக்குப் போவதில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து மற்றவர்களின் வலையைச் சரிசெய்து கொடுக்கிறார். தோஸ்து வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பார். முள் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. அன்றைய குழவியில்தான் அம்மா இன்னும் அரைக்கிறாள்.

சாயந்திரம் நான் வேலையிலிருந்து வந்ததும் அப்பாவின் காலை என் மடிமேல் வைத்துப் பார்ப்பேன். விரல் இடுக்கு, குதிகால், தையல் போட்ட இடம். பிறகு தங்கூசி. அவருடைய வலைக்கட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பழைய பால்பாயின்ட் பேனாக் குழாயில் செருகி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருப்பதைப் போன்ற சரியான அளவு இல்லை அது. இருந்தாலும் செய்கிறேன்.

"கண்ண மூடு நைனா."

மூடுவார். இடது காலில் ஆரம்பிப்பேன். தொட்டதும் "ஆங்" என்பார். இன்னொரு இடம். "ஆங்." வலது காலுக்கு வருவேன். இழை வளைகிறது. சொல்லமாட்டார். கொஞ்சம் அழுத்துவேன். முகத்தில் ஒன்றும் இருக்காது.

நேற்றும் அப்படித்தான். வலது பாதத்தில் ஐந்து இடம் தொட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் கையை எடுத்துவிட்டு, பேனாக் குழாயைப் பக்கத்தில் வைத்தேன். அது தரையில் பட்டுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"ஆங்" என்றார். "இப்போ தொட்ட."

"ஆமா நைனா" என்றேன்.